காணும் பொங்கல் மாலையில் ஒரு கறுப்பு முடிச்சு

முடிச்சை முதலில் கவனித்தது நானில்லை, அந்தப் பெண்தான். நான் அப்போது சர்க்கரைப் பொங்கல் வாளிக்குக் கரண்டி கொண்டுவரவில்லையே என்று சமையல் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. அது இல்லாத நாளில் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று என் கணவர் கவலைப்படுவார்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் அருங்காட்சியகம். பெயர்தான் பெரிது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுவைத்த பழைய கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஊர்க்காரர்கள் குழு வைத்து நடத்துவது. உள்ளே சில நடுகற்கள், பீரங்கிக் குண்டுகள், ஏர் ஓட்டும்போது கிடைத்த பானை ஓடுகள், நெல் அளந்த மரக்கால்கள். நான் அதற்குக் காப்பாளர். ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். திறப்பது, பெருக்குவது, நடுகல் மேல் சாய்ந்து செல்ஃபி எடுப்பவனை விரட்டுவது, பூட்டுவது. இவ்வளவுதான்.

காணும் பொங்கலன்று செஞ்சிக்குள் கால் வைக்க முடியாது. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் புளிச்சோறும் கரும்புமாகக் கோட்டைக்கு வந்துவிடும். இந்த வருடம் அது சனிக்கிழமையில் வந்தது. மறுநாள் தை அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டமும் சேர்ந்துகொண்டதால் பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே, சந்தைத் திடல் கொட்டகையில் நான்கைந்து குடும்பங்கள் கிடந்தன. ஏரிக்கரையை அகலப்படுத்தியபோது வீடு போனவர்கள். மாற்று இடம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பார்த்துப் பார்த்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும் என்பதால், வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் சட்டி பானை, பாய், பிள்ளைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏதாவது கடை வாசலுக்குப் போவார்கள். சந்தை கலைந்ததும் வந்து ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே இடத்தில் பாயை விரிப்பார்கள். தை மாதப் பனியில் அந்தத் தகரத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். நான் படுத்ததில்லை. காலையில் அந்த வழியாக வரும்போது அவர்கள் இருமுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஊரெல்லாம் கோட்டையைப் பார்க்க வருகிறது, கோட்டைக்கு அடியிலேயே கிடக்கிறவர்கள் ஒரு சாயங்காலமாவது விருந்தாளியாக உள்ளே வரட்டுமே என்று குழுக் கூட்டத்தில் நான்தான் சொன்னேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். குழுத் தலைவர் மட்டும் தலையை நிமிர்த்தி, "சாப்பாடு, துணிமணி எல்லாம் என்னோடது மேடம்" என்றார். அவர் அரிசி மில் வைத்திருப்பவர். அதோடு நிறுத்தவில்லை. மில்லுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற ஓட்டுக் கிடங்கில், மாற்று இடம் வரும்வரை அவர்கள் தங்கிக்கொள்ளலாம், சாவியைக் காணும் பொங்கல் அன்றைக்கே என் கையாலேயே கொடுக்கிறேன் என்றும் சொன்னார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி போன் செய்தார். குழந்தைகள் எத்தனை பேர், பெண் பிள்ளைகள் யார் யார், நாலு வயதில் ஒன்று இருக்கிறதா, அது எந்த மாதம் பிறந்தது என்றெல்லாம் கேட்டார். பாவாடை சட்டைக்கு அளவு பார்க்கிறார் என்று நினைத்து, நானும் சந்தைத் திடலுக்குப் போய் விசாரித்து வந்து சொன்னேன். எந்தக் கடைக்காரன் பிறந்த மாதம் கேட்டுப் பாவாடை கொடுக்கிறான்? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சீக்கிரமே வெளி ஆட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர்கள் வந்தார்கள். எல்லோரும் குளித்து, எண்ணெய் தடவி, வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். குளிக்கத் தண்ணீர் எங்கே கிடைத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. செருப்பைத் தூரமாகக் கழற்றிவிட்டு, பாயும் மூட்டையுமாக வாசலிலேயே நின்றார்கள்.

"உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி. முப்பது வயது இருக்காது. இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. நான் விசாரித்துச் சொன்ன அதே குழந்தை.

"விருந்துக்கு வந்துட்டு வாசல்ல நின்னா எப்படி? வாங்க, வாங்க" என்றேன்.

அவளுக்குக் கணவன் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூரில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்பவள். தை அமாவாசை என்றால் முதல்நாள் சாயங்காலமே போய் இடம் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிற்கக்கூட இடம் இருக்காது. அன்று அவள் போகவில்லை. சாவி கைக்கு வரும்போது தான் இல்லாவிட்டால் தன் குடும்பத்துக்குக் கிடங்கில் மூலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து தங்கிவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

கூட வந்தவர்களில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சிழுப்பு. பேசும்போது நடுநடுவே நின்று மூச்சை வாங்கிக்கொண்டுதான் அடுத்த வார்த்தைக்குப் போக முடியும். பெரியவர் உள்ளே வந்ததிலிருந்து எந்தக் கல்லையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாவி குடுக்கறவரு எப்பம்மா வருவாரு?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தை நடுகல் முன்னால் போய் நின்றது. "இந்த மாமா ஏன் கத்தி வச்சிக்கினு நிக்கறாரு?" என்று கேட்டது. மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர் என்றேன். "மாடு கெடச்சுதா?" என்று கேட்டது. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

கோட்டையின் ராஜகிரி மலை மேல் வெயில் இறங்கத் தொடங்கியபோது மில்காரரின் கார் வந்தது. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. சாப்பாட்டு வாளிகள் முன்பே வந்துவிட்டன. அவர் கையில் சாவி இருந்தது. இன்னொரு கையில் கறுப்புத் துணியில் கட்டிய சின்ன முடிச்சு.

"மேடம், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. அந்த நாலு வயசுப் பொண்ண மேற்க பாத்து நிக்க வைங்க. பொழுது சாயறதுக்குள்ள என் கையால குடுத்துடணும்" என்றார்.

நான் வாளியை விட்டுவிட்டு நிமிர்வதற்குள், அந்தப் பெண் மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, எட்டி எட்டிப் பார்த்தது.

"அதுல எள்ளு இருக்குது" என்றாள். "இரும்பும் இருக்குது. இது கழிப்பு அக்கா."

அமாவாசைதோறும் மலையனூரில் அவள் பார்ப்பதுதான். உடம்பு முடியாதவர்களின் தலையைச் சுற்றி, எள்ளையும் இரும்பையும் கறுப்புத் துணியில் முடிந்து, தெருவில் கிடக்கிறவர்கள் கையில் காசோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பீடை வாங்கியவர்களோடு போய்விடும் என்று நம்பிக்கை. வாங்குகிறவர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். வயிறு கேட்காததால் வாங்குகிறார்கள்.

எனக்குத் தலைக்குள் சூடு ஏறியது. மில்காரரைப் பீரங்கிக் குண்டுகள் பக்கமாகத் தனியே அழைத்துப் போனேன். "என்ன ஐயா இது?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பினார்கள்.

"என் பேத்திக்கு நாலு வயசு மேடம். ஃபிட்ஸ் வருது. பாண்டிச்சேரி பாத்தாச்சு, சென்னை பாத்தாச்சு, மாத்திர குடுக்கறாங்க, நிக்கல. ஜோசியர் சொன்னாரு, அதே வயசுல, அதே மாசத்துல பொறந்த, வீடு வாசல் இல்லாத ஒரு பொண்ணு கையில சனிக்கெழம இத குடுத்துட்டா தீந்துடும்னு." அவர் கண் மலை மேலேயே இருந்தது. வெயில் உச்சிக்கு மேல் இரண்டு விரற்கடைதான் இருந்தது. "சும்மா கேக்கல மேடம். அவங்களுக்குக் கூரை தரேன்ல? ஆயுசுக்கும் வேணும்னாலும் இருந்துக்கட்டும்."

அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. "அந்தப் பொண்ணோட அம்மா சம்மதிக்காட்டி?" என்று கேட்டேன்.

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் போனேன். இதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது, ஆனால் போனேன். கூரையை நினைத்துப் போனேன், பெரியவர் மனைவியின் இழுப்பை நினைத்துப் போனேன். "இதோ பாரும்மா, அது வெறும் எள்ளு. ஒரு துண்டுத் துணி. அதுக்கு என்ன சக்தி இருக்கப் போவுது? வாங்கி வெளியில போட்டுடு. எல்லாருக்கும் இடம் கெடைக்கும்" என்றேன்.

"எம் வூட்டுக்காரரும் இதத்தான் சொன்னாரு" என்றாள். "வெறும் எள்ளுதான்டின்னு மலையனூர்ல வாங்கினு வந்தாரு. அந்த மாசமே லாரில அடிபட்டாரு."

குடித்துவிட்டு ரோட்டைக் கடந்திருப்பார் என்று நினைத்தேன். நல்லவேளை, வாயை விட்டு வரவில்லை.

பெரியவருக்கு அதற்குள் விஷயம் போய்விட்டது. "ஏ பொண்ணு, தானமா குடுக்கற மாட்ட பல்ல புடிச்சுப் பாக்கறியா?" என்று கத்தினார். "கைய நீட்டி வாங்கினா இன்னா ஆயிடும்? இவ ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கறது ஒனக்குக் கேக்கலியா? எத்தினி குடும்பத்துக்குக் கூர கெடைக்குது, கெடுக்காத!"

மற்றவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். குழந்தைகள் வாளிகளைப் பார்த்தன. மில்காரர் மலையைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் அவளும் மகளும் மட்டும் தனியே நிற்பது போலிருந்தது. அவள் கை குழந்தையின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் விட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. நானும் அதைத்தான் கேட்டிருந்தேன், இப்போது அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "வெறும் எள்ளுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப நீங்க வாங்கிக்குங்கக்கா" என்றாள்.

நியாயம்தானே. நேராக மில்காரர் முன்னால் போய் நின்றேன். "குடுங்க ஐயா. நான் வாங்கிக்கறேன். சாவிய அவங்ககிட்ட குடுங்க" என்று கையை நீட்டினேன்.

நீட்டிவிட்டேன். நான் ராகுகாலம் பார்க்கிறவள் இல்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று சொல்கிறவள். ஆனால் அந்த நொடியில் சென்னையில் பைக்கில் வேலைக்குப் போகிற என் மகன் கண்முன் வந்தான். இன்றைக்கு ஹெல்மெட் போட்டிருப்பானா என்று நினைத்தேன். பயந்தேன். பயப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது, இருந்தும் பயந்தேன். முடிச்சு என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மில்காரர் முடிச்சைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, உங்களுக்கா? வேணாம் மேடம். நீங்க குடும்பம் குட்டின்னு இருக்கறவங்க. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு, பதறிப்போய்ச் சொன்னார். என் வாழ்க்கையில் யாருடைய அக்கறையும் என்னை அப்படிக் கூசவைத்ததில்லை.

"அப்ப நாங்க இன்னா, குடும்பம் இல்லியா ஐயா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் சத்தம் போடவில்லை. "எம் பொண்ணுக்கு ஆனா பரவால்லியா?"

மில்காரர் அப்போதுதான் அந்தக் குழந்தையை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் ஒரு வயது, ஒரு மாதம். குழந்தை அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "சாப்பாடு போடுவாங்களாம்மா?" என்று கேட்டது.

ராஜகிரிக்குப் பின்னால் வெயில் போய்விட்டது. மில்காரர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி புழுதியில் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. தோள் குலுங்கியது.

அந்தப் பெண் அவரருகே போனாள். நாலு அடி தள்ளியே நின்றாள், குழந்தையை விடவில்லை. "கொழந்தைக்கு எப்ப வருது ஐயா? தூக்கத்துலியா?" என்று கேட்டாள்.

"தூக்கத்துலதான்மா. விடியக்காலைல."

"பக்கத்துல யாரு படுத்துக்கறாங்க?"

"அவங்க அம்மா. அவ தூங்கறதே இல்ல."

"தூங்க மாட்டாங்கதான்" என்றாள். "நாளைக்கு மலையனூர்ல ஒங்க பேத்திக்காக அங்காளம்மாகிட்ட ஒரு பழம் வெச்சு வேண்டிக்கறேன். எம் பொண்ணு கைய மட்டும் கேக்காதீங்க."

அவர் எழுந்து காருக்குப் போனார். பெரியவர் பின்னாலேயே ஓடினார். "ஐயா, சாவி... சாவிங்கய்யா..." என்றார். கார்க் கண்ணாடி ஏறியது. முடிச்சும் சாவியும் மில்காரரோடு போய்விட்டன. அந்தக் கிடங்கு இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. அந்த முடிச்சு அடுத்த சனிக்கிழமை எந்தக் குழந்தை கைக்குப் போனதோ, எனக்குத் தெரியாது. பேத்திக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியவர் திரும்பி வந்து அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் மனைவிதான் நிறுத்தினாள். "ஒம் பேத்தியா இருந்தா..." என்று சொல்லி, நின்று, மூச்சு வாங்கி, "...நீட்டச் சொல்லுவியா?" என்று முடித்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. இதுவும் அவர் வீட்டுச் சாப்பாடு, இதில் என்ன கலந்திருக்குமோ என்ற பயம். நான் ஒரு இலையை எடுத்து எல்லாவற்றிலும் ஒரு கரண்டி போட்டு, நின்றபடியே எல்லோர் எதிரிலும் சாப்பிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சோத்து மேல இன்னா கோவம்" என்று பெரியவர் இலை வாங்கினார். அப்புறம் எல்லோரும் வாங்கினார்கள். அந்தப் பெண் மட்டும் மகளுக்கு அந்தச் சோற்றைக் கொடுக்கவில்லை. தன் பையில் வைத்திருந்த பன்னைப் பிய்த்து, தண்ணீரில் நனைத்து ஊட்டினாள். மற்ற குழந்தைகள் சர்க்கரைப் பொங்கலை வழித்துத் தின்பதை அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டே பன்னைத் தின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

இருட்டத் தொடங்கியது. வெளியே பனி இறங்கிவிட்டது, கோட்டையிலிருந்து திரும்புகிற வண்டிகளின் ஹாரன் சத்தம் ஓயவில்லை. பாயைச் சுருட்டி வைத்திருந்தவர்கள் மெல்ல எழுந்தார்கள். கிடங்குக்குப் போகலாம் என்று கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக் காலி செய்துவிட்டே வந்திருந்தார்கள். இத்தனை நேரத்துக்கு அங்கே அமாவாசைக் கூட்டம் படுத்திருக்கும்.

எனக்கு அழுகை வந்தது, அது வழக்கம்போல் கோபமாகத்தான் வெளியே வந்தது. "எங்க போறீங்க? உக்காருங்க எல்லாரும். இன்னிக்கு இங்கயே படுங்க. நாளைக்கும் படுங்க. குழு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். வேலைய விட்டுத் தூக்கினா தூக்கட்டும்" என்று கத்தினேன். ஒரு சொந்தக்காரி மாதிரி அதிகாரமாகச் சொன்னேன். அவர்களும் கொஞ்சம் சிரித்தார்கள். பெரியவரின் மனைவி நடுகல்லுக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் பாயை விரிக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் உட்காரவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு முடிச்சு தேடுவது போல என் இரண்டு கைகளையும் பார்த்தாள். அவள் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"உங்க வூட்ல யாருக்குக்கா ஒடம்பு சரியில்ல?"